கைபேசிக்கு பேட்டரி தரும் நிறுவனம் என்ற பேச்சைக் கேட்டுப் பங்கு வாங்கும் முன் செய்ய வேண்டியவை: ஒரு முழுமையான வழிகாட்டி

குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், நாகர்கோவிலில் நான் கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு வருமான வரிக் கணக்கைக் கொடுக்க வந்தபோது, டெலிகிராம் குழு ஒன்றில் வந்த செய்தியை என்னிடம் காட்டினார். பெரிய கைபேசி நிறுவனம் ஒன்றுக்கு பேட்டரி வழங்கும் வாய்ப்பு ஒரு சிறிய இந்திய நிறுவனத்துக்குக் கிடைத்துவிட்டது என்றும், செய்தி வெளியே வருவதற்குள் பங்கை வாங்கிவிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. "தம்பி, இது உள்ளதுதானா? மவன் குவைத்துல இருந்து அனுப்புன பணம் பேங்குல சும்மா கெடக்கு" என்று அவர் கேட்டார். "இருங்க அண்ணாச்சி, ஒரு தாளுல எழுதிப் பாப்போம்" என்றேன். அன்று மாலை வரை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதிப் பார்த்ததுதான் இந்த வழிகாட்டிக்கு அடிப்படை. நான், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் அல்லன். எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ இங்கே சொல்லவில்லை. ஒரு பேட்டரி நிறுவனத்தைப் பற்றிய ஊகத்தை எண்களாக மாற்றி எடைபோடும் முறையை மட்டுமே சொல்கிறேன்.

முதல் படி: செய்தியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

யார், யாருக்கு, எந்தப் பொருளை, எத்தனை எண்ணிக்கையில், எப்போதிலிருந்து வழங்குகிறார் என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான ஊகச் செய்திகளில் இந்த ஐந்தில் இரண்டுக்குக்கூட விடை இருக்காது. பெரியவர் காட்டிய செய்தியில் "யார்" என்பதற்கு மட்டுமே விடை இருந்தது. மற்ற நான்கு இடங்களையும் வெற்றிடமாக விட்டு, ஒவ்வொன்றையும் நிரப்ப முடிகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் அன்றைய வேலையாக இருந்தது.

பெயரை எழுதும்போதே கவனம் தேவை. மத்திய அரசின் 18,100 கோடி ரூபாய் மதிப்பிலான மின்கல உற்பத்தி ஊக்கத் திட்டத்தில் 2022 மார்ச்சில் தேர்வானவர்களின் பட்டியல் வெளியானபோது, அதில் ஹூண்டாய் குளோபல் மோட்டார்ஸ் என்ற பெயர் இருந்தது. கார் தயாரிக்கும் கொரிய நிறுவனம்தான் அது என்று பலரும் எண்ணினார்கள். கார் நிறுவனமோ தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தப் பெயர் அதில் இல்லை. அரசின் பட்டியலிலேயே பெயர் இப்படிக் குழப்பத்தை உண்டாக்கும் என்றால், யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியில் வரும் பெயரை எப்படி அப்படியே நம்புவது? பங்குச் சந்தையில் அந்த நிறுவனத்துக்கு உள்ள குறியீட்டையும், பதிவு அலுவலக முகவரியையும், அது உண்மையில் தயாரிக்கும் பொருளையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

"பேட்டரி நிறுவனம்" என்ற சொல்லும் அகலமானது. எக்ஸைடு, அமர ராஜா ஆகிய இரண்டும் நெடுங்காலமாக ஈய அமில பேட்டரிக்குப் பெயர் பெற்றவை. இப்போது அவை கட்டிவரும் லித்தியம் ஆலைகளின் முதன்மை இலக்கு வாகனங்களும் மின் சேமிப்பும்தான். எவரெடியும், நிப்போ என்ற பெயரில் விற்கும் இந்தோ நேஷனலும் டார்ச்சுக்கும் கடிகாரத்துக்கும் போடும் உலர் மின்கலத்தால் அறியப்பட்டவை. கைபேசிக்குள் இருக்கும் தட்டையான லித்தியம் செல் வேறு தொழில்நுட்பம், வேறு இயந்திரம், வேறு வாடிக்கையாளர். 2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான நிதிநிலை அறிக்கையில், கைபேசி பேட்டரி தயாரிப்புக்கு வேண்டிய 28 மூலதனப் பொருள்களுக்கு இறக்குமதி வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்பைப் படித்த ஒருவர், பெயரில் பேட்டரி என்று இருக்கும் எந்தப் பங்கை வாங்கினாலும் இந்தச் சலுகையின் பயன் தமக்கு வரும் என்று கருதினால் அது தவறாகிவிடும்.

இரண்டாம் படி: சங்கிலியில் எந்தக் கண்ணி என்று கண்டுபிடியுங்கள்

ஊகத்தில் பணம் இழப்பவர்களில் பலர் வழுக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். கைபேசி பேட்டரி என்று நாம் கையில் எடுப்பதற்குள் குறைந்தது இரண்டு தொழில்கள் இருக்கின்றன. மின்சாரத்தைச் சேமிக்கும் செல்லைத் தயாரிப்பது ஒன்று. அந்தச் செல்லை வாங்கி, அளவுக்கு மீறிய மின்னேற்றத்தையும் குறுக்குச் சுற்றையும் தடுக்கும் சிறு மின்சுற்றுப் பலகையை இணைத்து, மேலுறை ஒட்டி, சோதித்து, பேக் ஆக்கிக் கொடுப்பது மற்றொன்று. முன்னதற்குப் பெரும் முதலீடும் நீண்ட கால ஆராய்ச்சியும் தேவை; பின்னதற்கு ஒப்பீட்டளவில் குறைவு, லாபமும் குறைவு. கைபேசி செல் தயாரிப்பில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றான ஏ.டி.எல்., 2005 முதல் ஜப்பானின் டி.டி.கே. குழுமத்துக்குச் சொந்தமானது. ஐபோன் பேட்டரிகளின் மேலுறையில் பெரும்பாலும் காணப்படும் சன்வோடா, தேசாய் போன்ற பெயர்கள் பேக் ஆக்கித் தரும் சீன நிறுவனங்களுடையவை. மேலுறையில் ஒரு பெயர், உள்ளே இருக்கும் செல்லில் இன்னொரு பெயர் என்பது இந்தத் தொழிலில் இயல்பு.

நம் ஊரில் இதை உணர்த்த ஒரு பழைய நிகழ்ச்சி உதவும். 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், தன் பி.எல். 5சி பேட்டரிகளில் 4.6 கோடி எண்ணிக்கையில் மின்னேற்றத்தின்போது அளவுமீறிச் சூடாகும் வாய்ப்பு இருப்பதாக எச்சரித்தது. அந்த ஒரே மாதிரியில் அதுவரை 30 கோடிக்கும் மேற்பட்ட பேட்டரிகளைப் பல நிறுவனங்கள் நோக்கியாவுக்குத் தயாரித்துக் கொடுத்திருந்தன. சிக்கல் இருந்தது, ஜப்பானின் மட்சுஷிதா பேட்டரி நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே தயாரித்தவற்றில் மட்டுமே. நோக்கியாவுக்கு பேட்டரி தருகிறவர் என்று அன்று ஒருவரைச் சொன்னால், "பலரில் ஒருவர்" என்பதே அதன் சரியான பொருள். இன்றும் பெரிய கைபேசி நிறுவனங்கள் ஒரே மாதிரிக்கு இரண்டு மூன்று பேரிடம் பேட்டரி வாங்குவது வழக்கம். ஆகவே "வழங்குகிறார்" என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பங்கு என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது.

இதை நீங்களே ஓரளவு சரிபார்க்கலாம். மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ கைபேசி பழுதுபார்க்கும் கடையில், கழற்றி வைத்திருக்கும் பழைய பேட்டரிகளைக் காட்டச் சொல்லி மேலுறையைப் படியுங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம், ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைக் கொடுத்தால் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் வரும். தூத்தூர், குளச்சல் பகுதி மீனவர்கள் கடலுக்கு எடுத்துச் செல்லும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியிலும் வயர்லெஸ் கருவியிலும் உள்ள பேட்டரிகளையும் இப்படியே படித்துப் பார்க்கலாம். கையடக்கக் கருவி என்றால் கைபேசி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கடைகளில் பில் போடும் கருவி, பார்கோடு படிக்கும் கருவி எல்லாம் அதில் அடங்கும். ஒரு நிறுவனம் "கையடக்கக் கருவிகளுக்கு பேட்டரி வழங்குகிறோம்" என்று சொன்னால், அது கோடிக்கணக்கில் விற்கும் கைபேசியா, ஆயிரக்கணக்கில் விற்கும் பில் கருவியா என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால் வெட்டிய உடனே அது ஷீட் ஆகிவிடுவதில்லை. உறைய வைத்து, ரோலரில் அழுத்தி, உலர்த்தி, புகையிட்டு, தரம் பிரித்த பிறகுதான் வியாபாரி ஷீட் விலை கொடுப்பார். பேட்டரியிலும் மாதிரி அனுப்புவது, வாடிக்கையாளர் சோதிப்பது, தொழிற்சாலையைத் தணிக்கை செய்வது, ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கு ஒப்புதல் தருவது, சிறு அளவில் தயாரிப்பது, பேரளவில் தயாரிப்பது என்று வரிசை இருக்கிறது. முதல் கட்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்குக் கடைசிக் கட்டத்தின் விலையைக் கொடுப்பதுதான் ஊகம்.

சோதனைக்கு மட்டும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரி 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்றும், ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று என்றும் ஆப்பிள் சொல்கிறது. ஏற்றி இறக்க ஒரு சுற்றுக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 1,000 சுற்றுக்கு 4,000 மணி நேரம், அதாவது இரவு பகலாக ஓட்டினாலும் ஐந்தரை மாதம். இடையில் ஒரு மூலப்பொருளை மாற்றினால் பெரும்பாலும் மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். மாதிரி அனுப்பிய செய்தி வந்த அடுத்த காலாண்டிலேயே விற்பனை வரும் என்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்.

ஒப்புதல் கிடைத்த பிறகும் உற்பத்தித் தேறுவீதம், அதாவது தயாரித்தவற்றில் குறையின்றித் தேறுபவை எத்தனை விழுக்காடு என்ற தடை இருக்கிறது. அமெரிக்காவின் எனோவிக்ஸ் நிறுவனம், சிலிக்கான் எதிர்மின்முனையைக் கொண்டு கையடக்கக் கருவிகளுக்கு அடர்த்தி மிகுந்த பேட்டரி தயாரிப்பதாகச் சொல்லி, 2021 ஜூலையில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. அதன் தொழில்நுட்பத்தை நம்பியவர்கள் பலர். நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. ஆனால் 2023 ஜனவரித் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் உள்ள முதல் ஆலையின் உற்பத்தி எதிர்பார்ப்பைக் குறைத்து, அடுத்த தலைமுறை இயந்திரங்களில் கவனம் செலுத்தப் போவதாக அறிவித்ததும், பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது. பேரளவு உற்பத்திக்கு அது பின்னர் மலேசியாவின் பினாங்கைத் தேர்ந்தெடுத்தது. அதன் செல் வேலை செய்யவில்லை என்று அந்த நாளில் யாரும் சொல்லவில்லை. லட்சக்கணக்கில், குறையில்லாமல், கட்டுப்படியாகும் செலவில் செய்யும் நாள் தள்ளிப் போனதற்கே அந்தச் சரிவு.

நான்காம் படி: எண்ணிக்கையைப் பணமாக மாற்றுங்கள்

கைபேசி பேட்டரியில் 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது 5 ஆம்பியர் மணி. அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 19.25 வாட் மணி கிடைக்கும். ஒரு ஆலையின் கொள்ளளவு ஒரு ஜிகாவாட் மணி என்றால், அது நூறு கோடி வாட் மணி, 19.25 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.2 கோடி கைபேசிகளுக்குப் போதுமானது. இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால், செய்தியில் வரும் கொள்ளளவும் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நீங்களே பார்க்கலாம்.

பொருந்தும் செய்தி எப்படி இருக்கும் என்பதற்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. திருப்பதியில் முனோத் நிறுவனத்தின் லித்தியம் செல் ஆலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியபோது, ஆண்டுக்கு 270 மெகாவாட் மணி என்றும், நாளொன்றுக்கு 10 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள 20,000 செல்கள் என்றும் அரசு அறிவித்தது. 10 ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட் மணி. 20,000 செல்லுக்கு 740 கிலோவாட் மணி. 365 நாளுக்கு 270 மெகாவாட் மணி. அறிவிப்பின் இரு எண்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பெரியவருக்கு வந்த செய்தியில் எண்ணே இல்லாததால், இப்படிப் பெருக்கிப் பார்க்கவே வழியில்லை.

அடுத்தது லாபம். பின்வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் பேக்குகளை, ஒன்று 350 ரூபாய்க்கு விற்கும் என்று கொள்வோம். விற்பனை 35 கோடி ரூபாய். செல்லை வெளியிலிருந்து வாங்கி பேக் மட்டும் செய்பவருக்கு, அந்த 350 ரூபாயின் பெரும்பகுதி செல் விலையாகவே வெளியே போய்விடும். நிகர லாபம் 5 விழுக்காடு என்றால் 1.75 கோடி ரூபாய். ஊகம் பரவிய இரண்டு வாரத்தில் அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்கு மதிப்பு 120 கோடி ரூபாய் உயர்ந்துவிட்டது என்றால், உயர்ந்த தொகையை அந்த ஒப்பந்தத்தின் லாபத்திலிருந்து மீட்க ஏறக்குறைய 69 ஆண்டுகள் ஆகும். செய்தி முழுக்க உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பெரியவர் இந்த இடத்தில்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளை மறுபடியும் படித்தார்.

ஐந்தாம் படி: ஆவணங்களைப் படியுங்கள்

பட்டியலில் உள்ள நிறுவனங்களின் அறிவிப்புகள் இரு பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. செபியின் 2015 ஆம் ஆண்டு பட்டியலிடல் விதிகளில் 30 ஆவது விதி, முக்கியத்துவம் வாய்ந்த நிகழ்வுகளைச் சந்தைக்கு உடனுக்குடன் தெரிவிக்கச் சொல்கிறது. வழக்கமான வணிகத்துக்கு அப்பாற்பட்ட ஒப்பந்தங்கள் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அவையும் இதில் அடங்கும். அந்த வரம்பு, விற்பனையில் 2 விழுக்காடு, நிகர மதிப்பில் 2 விழுக்காடு, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் அல்லது நட்டத்தில் 5 விழுக்காடு ஆகியவற்றில் குறைவானது. நிறுவனத்தையே மாற்றிவிடும் ஒப்பந்தம் என்று சொல்லப்படுவது இந்தச் சிறு வரம்பைத் தாண்டியே தீரும். ஆகவே சந்தை அறிவிப்பில் ஒரு வரி கூட இல்லையென்றால், ஒப்பந்தம் இன்னும் இல்லை, அல்லது சொல்லப்படும் அளவுக்குப் பெரிதில்லை, அல்லது நிறுவனம் விதியை மதிக்கவில்லை. மூன்றில் எதுவாக இருந்தாலும் பணம் போட அது காரணமாகாது.

வதந்தியைச் சரிபார்க்கும் கடமையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். முதன்மை ஊடகத்தில் வந்த குறிப்பான செய்தியால் பங்கு விலை பெரிதாக அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும் என்ற விதி, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250 நிறுவனங்களுக்கு 2024 டிசம்பர் 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. டெலிகிராம் குழு முதன்மை ஊடகம் ஆகாது. குழுக்களில் சுற்றும் சிறு நிறுவனங்கள் முதல் 250 க்குள் வருவதும் அரிது. ஒரு நிறுவனம் மறுக்காமல் இருப்பதை ஒப்புதல் என்று கொள்ள வேண்டாம். மறுக்க வேண்டிய கடமையே அதற்கு இல்லாமல் இருக்கலாம்.

ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவது, இந்தியக் கணக்கியல் தரம் 108 இன்படி தரப்படும் குறிப்பை. மொத்த வருவாயில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தொகையிலிருந்து, பெயர் தெரியாத அந்த வாடிக்கையாளர் வளர்கிறாரா தேய்கிறாரா என்று மூன்று ஆண்டுகளை ஒப்பிட்டு அறியலாம். அடுத்து, கட்டுமானத்தில் உள்ள சொத்து என்ற வரி: புதிய ஆலை வருகிறது என்றால் பணம் அங்கே தெரிய வேண்டும். லாபம் காட்டும் ஆண்டில் செயல்பாட்டுப் பணவரவு, அதாவது தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வரும் பணம், தொடர்ந்து எதிர்மறையாக இருக்கிறதா, நிறுவனர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் வரும் பங்குதாரர் விவரத்தில், ஊகம் சூடாக இருந்த மாதங்களில் நிறுவனர்களே விற்றிருந்தால், அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

வாங்குபவர் பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். ஆப்பிள் தன் நேரடிக் கொள்முதல் செலவில் 98 விழுக்காட்டை உள்ளடக்கிய வழங்குநர் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாதது மட்டுமே பொய்க்கு முழுச் சான்றாகாது. வழங்குநருக்கு வழங்குபவராக இருக்கலாம். அப்படியானால் அவர் சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி கீழே இருக்கிறார், லாபமும் அதற்கேற்பச் சிறுக்கும்.

ஆறாம் படி: ஒப்பந்தம் உண்மையானாலும் வரும் ஆபத்து

ஒரே பெரிய வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பது, ஒரே வியாபாரிக்கு மட்டும் ஷீட் கொடுப்பதைப் போன்றது. அமெரிக்காவின் ஜி.டி. அட்வான்ஸ்டு டெக்னாலஜீஸ் பேட்டரி நிறுவனம் இல்லையென்றாலும், பாடம் இதே தொழிலுக்கு உரியது. கைபேசிக்கான நீலக்கல் கண்ணாடித் தயாரிப்புக்காக ஆப்பிளிடமிருந்து 57.8 கோடி டாலர் முன்பணம் பெறும் ஒப்பந்தத்தை அது 2013 நவம்பரில் செய்துகொண்டது, பங்கு உயர்ந்தது. 2014 செப்டம்பரில் அறிமுகமான ஐபோன் 6 இன் திரையில் அந்தக் கண்ணாடி இல்லை. அக்டோபர் 6 அன்று நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. ஒரே நாளில் பங்கு 90 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. அந்த ஊகம் பொய்யில்லை. ஒப்பந்தம் இருந்தது, முன்பணத்தின் பெரும்பகுதியும் வந்தது.

பேட்டரிக்கே உரிய ஆபத்து, திரும்பப் பெறுதல். சாம்சங் கேலக்ஸி நோட் 7 வெளியான சில நாள்களில் தீப்பற்றத் தொடங்கியதால், 2016 செப்டம்பரில் 25 லட்சம் கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. வேறு வழங்குநரின் பேட்டரி பொருத்திய மாற்றுக் கருவிகளும் தீப்பற்றியதால் அக்டோபரில் அந்த மாதிரியே நிறுத்தப்பட்டது. இரு வழங்குநர்களின் பேட்டரிகளிலும் வெவ்வேறு குறைகள் இருந்தன என்று 2017 ஜனவரியில் வெளியான ஆய்வு முடிவு சொன்னது. அனுபவம் மிக்க பெரிய நிறுவனங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. ஆகையால் நிறுவனத்தின் முதலீட்டாளர் கூட்டத்தில் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், ஒப்பந்தத் தொகையைவிட முதலில், குறையுள்ள பேட்டரிக்கான செலவை யார் ஏற்பது, அதற்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள்.

ஏழாம் படி: விலையும் செய்தி அனுப்பியவரும்

கடந்த ஆறு மாத விலையையும் வணிக அளவையும் பாருங்கள். உங்களுக்குச் செய்தி வருவதற்கு முன்பே விலை இரட்டித்திருந்தால், முன்பே வாங்கியவர்கள் விற்பதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. வணிகமான பங்குகளில், அன்றே வாங்கி அன்றே விற்றவை போக, எத்தனை விழுக்காடு உண்மையில் கைமாறின என்ற விவரமும் சந்தைத் தளத்தில் உண்டு. பங்கு கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா, அதன் நாள் வரம்பு, அதாவது ஒரே நாளில் விலை ஏறவோ இறங்கவோ விடப்படும் அளவு, 5 விழுக்காடா 2 விழுக்காடா என்று தரகரின் செயலியிலேயே தெரியும். குறுகிய வரம்புள்ள பங்கு விழத் தொடங்கினால், நாள்தோறும் கீழ் வரம்பிலேயே நின்று, வாங்குபவரே இல்லாமல், விற்க முடியாத நிலை வரும்; வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

பங்கைப் பரிந்துரைப்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகருக்கு 2013 விதிகளின்படியும், ஆய்வாளருக்கு 2014 விதிகளின்படியும் பதிவு தேவை. எண்ணை செபியின் தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண் தர மறுப்பவரின் குழுவிலிருந்து அன்றே வெளியேறுங்கள். பணம் பறிபோயிருந்தால் திரைப்படிமங்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே புகார் செய்யுங்கள்.

எட்டாம் படி: வாங்குவதென்றால்

இத்தனைக்குப் பிறகும் ஒரு நிறுவனம் தேறி நிற்குமானால் வாங்கலாம். ஆனால் நகைக்கடனிலும், மறுநடவுக்கு வைத்த பணத்திலும், மகள் திருமணத்துக்கு வளைகுடாவிலிருந்து வந்த பணத்திலும் வேண்டாம். வாங்கும் நாளில், எதற்காக வாங்குகிறேன், எது நடக்காவிட்டால் விற்பேன் என்று தேதியோடு எழுதி வையுங்கள். "அடுத்த இரண்டு காலாண்டு முடிவுகளில் இந்த வாடிக்கையாளரின் விற்பனை தெரியாவிட்டால் விற்றுவிடுவேன்" என்பது போல, பின்னால் சாக்குச் சொல்ல இடமில்லாமல் எழுதுங்கள். காலாண்டு முடிவுகள் 45 நாளுக்குள்ளும், நிதியாண்டின் கடைசிக் காலாண்டு முடிவுகள் 60 நாளுக்குள்ளும் வந்துவிடும்.

பெரியவர் அன்று வாங்கவில்லை. தாளின் கடைசியில், அந்த நிறுவனத்தின் அடுத்த முடிவு வர வேண்டிய கடைசித் தேதியை எழுதி, பால் கணக்கு எழுதும் நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். முடிவு வந்ததும் மறுபடியும் வந்தார். வாடிக்கையாளர் குறிப்பு இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிக்க இம்முறை என் உதவி அவருக்குத் தேவைப்படவில்லை.